கேப்டன் கொடுக்காத வாக்கு

என் அக்கா புனிதவதியின் கணவர் கனகலிங்கம் கிள்ளான் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர். சாட்சி சொன்னதைச் சொன்னபடி சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. இருபத்தாறு வருடம் அப்படியே இருந்தார். சாட்சி தும்மினால் அதையும் சேர்த்துச் சொல்வார் என்று நான் கேலி செய்வேன். வீட்டிலும் அதே மனுசன்தான். கறியில் உப்புக் கூடினால் அக்காவின் முகத்தைப் பார்த்து மாற்றிச் சொல்லத் தெரியாது.

நாங்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸில் அந்த வீட்டு வரிசைக்கே முதல் டிவி அவர்கள் வீட்டில்தான். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு ஆங்கில விண்வெளித் தொடர் வரும். அக்கம்பக்கத்தார் பாயில் உட்கார, அத்தான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, விண்கலத்துக் கேப்டன் பேசப் பேசத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். ராட்சதப் பல்லி உறுமினால் மட்டும், "இது பாஷை இல்ல" என்பார்.

எதிர்வீட்டு சாந்தமேரி ஒரு வாரமும் தவறியதில்லை. ரயில்வே குடும்பம், புருசன் இல்லை. ஒரே மகன் ரபேல் கப்பலில் மெக்கானிக்காகப் போனவன். போன இடத்திலிருந்து கடிதம் வருவது நின்றுவிட்டது.

எழுபத்தேழில் அந்தத் தொடரில் ஒரு கதை வந்தது. பனிக்கிரகத்தில் மாட்டிக்கொண்டவர்கள் தப்பிப்பதற்காக, ஒரு மெக்கானிக் கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடுகிறான். "உன்னைக் கூட்டிப்போகத் திரும்பி வருவேன்" என்கிறான் கேப்டன். அத்தான் அதைச் சொன்னபோது சாந்தமேரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

இரண்டு வருடம் கழித்து அதன் தொடர்ச்சி வரப்போகிறது என்று அறிவித்தார்கள்.

"அந்தப் பையன கூப்பிட வராங்களா அண்ணே?" என்றாள் சாந்தமேரி.

"வாக்குக் குடுத்திருக்கான். வராம எப்படி?" என்றார் அத்தான், கேப்டனுக்கு ஜாமீன் நிற்பவரைப் போல.

வந்தது பாருங்கள் ஒரு கதை! எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. எரிபொருள் தேடி அதே கிரகத்துக்கு வருகிறார்கள். ரப்பர் பல்லியோடு முக்கால் மணி நேரம் கட்டிப் புரள்கிறார்கள். பல்லியின் முதுகில் ஜிப் தெரிகிறது. மெக்கானிக் ஒரு காட்சியில்கூட இல்லை. கடைசியில் யாரோ அவனை ஞாபகப்படுத்த, கேப்டன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அவன் இந்நேரம் செத்திருப்பான், விட்டுவிட்டுப் போவோம் என்கிறான். அவ்வளவுதான்.

சாந்தமேரி அத்தானின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் ஒருமுறை செருமினார்.

"அவன் உயிரோடதான் இருக்கான். அடுத்த தடவை கட்டாயம் கூட்டிட்டுப் போவோம்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் பாயைப் பார்த்தேன். சாந்தமேரி, "சரிண்ணே" என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணிகூடக் குடிக்காமல் எழுந்து போனாள்.

திங்கட்கிழமை கோர்ட்டில் ஒரு சாட்சிக்குச் சத்தியப்பிரமாணம் சொல்லிக்கொடுக்கும்போது அத்தானுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டதாம். அன்றைக்குச் சாயங்காலமே என்னையும் இழுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். தனியாகப் போகப் பயம். பாவம், அவர் முகத்தைப் பார்த்தால் கூண்டில் ஏறப்போகிறவர் மாதிரியே இருந்தது.

"தங்கச்சி, சனிக்கிழமை நான் சொன்னது பொய். கேப்டன் அப்படிச் சொல்லல."

"தெரியும்ணே. கீழ மலாய்ல எழுத்து ஓடுச்சுல்ல, படிச்சேன்."

படத்துக்கு அடியில் மலாய் ஓடுவதை அத்தான் மறந்தே போயிருந்தார். அந்தப் பாயில் உட்கார்ந்தவர்களுக்கு அவர் வாய்தானே எழுத்து. சாந்தமேரிக்கு ஒரு எழுத்தும் தெரியாது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். மகனைத் தேடி ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியவள், அடுத்தவரிடம் ஃபாரம் நீட்ட வெட்கப்பட்டு, ஒரு வருடமாக முதியோர் வகுப்புக்குப் போயிருக்கிறாள்.

"என்னை மன்னிச்சிரு" என்றார் அத்தான்.

"ஒரு சொல்லு மாத்தாத மனுசன், எனக்காக மாத்துனீங்க. அது போதும்ணே."

அவள் உள்ளே போய் ஒரு தாளைக் கொண்டுவந்தாள். மலாயில், பெரிய பெரிய எழுத்தில், அவளே எழுதியது: ரபேலின் பெயர், கப்பலின் பெயர், கடைசிக் கடிதம் வந்த தேதி.

"கப்பல் கம்பெனிக்கு இங்கிலீஷ்ல வேணுமாம். எழுதித் தாங்க. ஆனா அண்ணே, பதில் என்ன வந்தாலும், வந்தபடியே சொல்லிடணும் லா."

அத்தான் பேனாவைத் திறந்தார். ரபேலின் பெயரில் தொடங்கினார்.