பிரேக்கை எடுத்த மருந்து

அந்தப் புற்றுநோய் ஊசியைப் போட்டுக்கொண்ட ஒருவர் படுக்கையிலிருந்து எழுந்து கடைத்தெருவுக்கே நடந்து போனாராம். மருந்துக்கடைக்காரரின் மச்சான் சொன்னதாகத் தன் தம்பி மனைவி சொல்ல, அதை எங்கள் பிரேக் அக்கா ஆய்வகம் முழுக்கச் சொன்னாள்.

அவள் விளக்கம் சொல்லும் விதத்தால் வந்த பட்டப்பெயர் அது. உடம்பின் காவல் அணுக்களுக்கு ஒரு பிரேக் உண்டு; புற்றுநோய் அதை மிதித்துக்கொண்டு தப்பிக்கிறது; அந்தக் காலைத் தட்டிவிடுவதுதான் இந்த மருந்து என்பாள். அதைச் சோதிப்பது அவள் வேலை. தட்டிலுள்ள சின்னக் குழிகளில் புற்றணுக்களையும் காவல் அணுக்களையும் சேர்த்து மருந்தைச் சொட்டுவாள். பிரேக் விட்டால் குழி ஒளிரும். இருண்டிருந்தால் மருந்து குப்பைக்கு. வெளிச்சம் ஏற ஏற அவள் முகமும் மலரும்.

அம்மா போனபின் அவள் தூக்கி வளர்த்த தம்பி தூரத்தில் இருக்கிறான். நுரையீரலில் புற்றுநோய். அவனுக்கும் அதே மருந்து என்றதும், "என் கையில தேறினதுடா!" என்று குதித்தாள்.

போன வாரம் அவன் பேசியது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"அக்கா, நாலு படி ஏறினா மூச்சு வாங்குது. இமையைத் தூக்கவே முடியல. டாக்டர்கிட்ட சொல்லட்டுமா?"

"பிரேக்கை எடுத்தா வண்டி அதிரத்தானே செய்யும்? மருந்து வேலை செய்யுதுடா. அடுத்த ஊசிக்குப் போறப்ப சொல்லிக்கலாம்."

"வண்டி கிளம்புதோ இல்லையோ, டிரைவர் படுத்துட்டான்க்கா."

இருவரும் சிரித்தார்கள்.

இன்று காலை, மருந்தின் பக்கவிளைவுகளைக் கவனிக்கும் டாக்டரம்மா வந்தார். அதே மருந்தை மறுபடி சோதிக்கச் சொல்லியிருந்தார். குழிகளெல்லாம் பளிச்சென்றிருந்தன.

"மருந்துல ஒரு குறையும் இல்லைங்க" என்றாள் அக்கா.

"அப்போ மருந்து கெட்டுப்போகல. அவிழ்த்துவிட்ட காவல் அணுக்கள்தான் சிலருக்கு இதயத்தையே கடிக்குது. ஒரு ஆஸ்பத்திரியில இந்த ஊசி போட்ட ஒருத்தர் இறந்துட்டார். மூச்சு வாங்கியிருக்கு, இமை சரிஞ்சிருக்கு. அசதின்னு வீட்டுலயே படுத்திருந்திருக்கார். உடனே வந்திருந்தா அணுக்களை அடக்கப் பார்த்திருப்பாங்க."

"இமையா?"

கையுறையோடே வராந்தாவுக்கு ஓடினாள். போனில் விரல் பதியாமல், உறையைப் பல்லால் கடித்து இழுத்தாள். தம்பி எடுக்கவில்லை. தம்பி மனைவியும் எடுக்கவில்லை. மறுபடி தம்பிக்கு அடித்தாள்.

"தூங்குறானோ என்னவோ" என்றேன். என் குரலை நானே நம்பவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போடான்னு சொல்லணும். அவ்வளவுதான். எடுடா சாமி..."

மணி அடித்துக்கொண்டே இருந்தது.