அம்மாவின் கன்னத்துச் செல்

ஊதுவத்தி உருட்டும் வீட்டில் மணம் இருக்காது. வாசனைத் தைலம் தோய்ப்பதெல்லாம் கம்பெனியில்தான், எங்களுக்கு வந்தது கரிப்பொடியும் பிசின்தூளும் மட்டுமே, அந்த ஈரக்கரி நெடிதான் எனக்குத் தொண்ணூறுகளின் மைசூர். அப்பா ஊரின் விஜயநகர் பகுதியில் பிறருக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தார். அம்மா பகலெல்லாம் பலகைமுன் உட்கார்ந்து குச்சிகளை உருட்டி வரிசையாக அடுக்குவாள். வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்.

ஒன்பதாம் வகுப்பில் செல்லைப் பற்றிய பாடம் வந்தது. கன்னடத்தில் "ஜீவகோச" என்று படித்ததை வீட்டில் தமிழில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், பல நாள் பேசாமலே சாப்பிட்டு எழுந்தேன். பள்ளிக் கண்காட்சிக்கு உள்கன்னத்தைச் சுரண்டி எடுத்துவரச் சொன்னபோது, எல்லோரும் தங்கள் கன்னத்தைச் சுரண்ட, நான் மட்டும் கரி படாத ஒரு ஊதுவத்திக் குச்சியால் அம்மாவின் கன்னத்தை மெல்லச் சுரண்டினேன். "என்னடா தேடுற அவ வாய்க்குள்ள, பல்லு டாக்டரு?" என்றார் அப்பா.

கண்ணாடியில் தடவி, நீலச் சாயம் ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். ஓரம் மடங்கிய மெல்லிய சவ்வு, உள்ளே வெளிர்நீலக் கூழ், நடுவில் அடர்நீலமாய் ஒரு பொட்டு, அதுதான் உட்கரு. செல்லின் வேலைகளுக்கெல்லாம் உத்தரவு அங்கிருந்துதான் போகிறது, அதில் பாதி எனக்கும் வந்திருக்கிறது என்று நினைத்ததும், இதை அம்மா ஒருமுறை பார்த்துவிட்டால் போதும், வீட்டில் என்னோடு பேச ஓர் ஆள் கிடைத்துவிடும் என்று தோன்றியது.

கண்காட்சிக்கு வந்தாள். விரலிடுக்குக் கரியை முந்தானையில் மறைத்தபடி குனிந்தாள். பின்னால் நீண்ட வரிசை. "பேக நோடி ஆன்ட்டி, இது சினிமா அல்ல!" என்று ஒருவன் சீக்கிரம் பார்க்கச் சொல்லிக் கன்னடத்தில் அவசரப்படுத்தினான். அம்மா நிமிர்ந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"அய்யோ சாமி, நம்ம குச்சிதான்டா! கருகருன்னு வரிசையா நிக்குது! இத்தன வருசமா உருட்டுனதெல்லாம் உள்ளாறயே போயிருச்சு பாரேன்!"

அது அவளுடைய இமைமுடி. முதல்முறை பார்க்கிற பலருக்கும் அதுதான் தெரியும். இன்னொருமுறை பாரும்மா என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சிரிப்பைப் பார்த்து, "ஆமாம்மா" என்றுவிட்டேன்.

இன்று உருட்டுவதற்கு மெஷின் வந்துவிட்டது. பலகை இல்லை, அம்மாவின் விரல்களும் வெளுத்துவிட்டன. கன்னத்துச் செல்கள் சில நாளில் உதிர்ந்து புதிதாக முளைக்கும் என்று பின்னால் படித்தேன். நேற்றும் பக்கத்து வீட்டுக்காரியிடம், "எனக்குள்ள இருக்கறத எம்பையன் காட்டுனான்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த நீலப் பொட்டைப் பார்த்தவன் வீட்டில் இன்றும் நான் ஒருவன்தான்.