குந்தச் சொன்ன சட்டம்

காந்தி ரோட்டில் பட்டு எடுக்க வருகிறவர்களை நிற்க வைத்துப் பேசுகிற கடை கிடையாது. செருப்பைக் கழற்றுவதற்குள் “உட்காருங்க” என்று நாலு குரல் வரும். அதில் ஒன்று கிருஷ்ணவேணியுடையது. தாமல் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்து, பதினாலு வருஷமாக ஒரே கடையில் ஊருக்கெல்லாம் நாற்காலி காட்டிக்கொண்டிருந்தாள். அவள் மட்டும் காலை ஒன்பதரையிலிருந்து ராத்திரி எட்டு வரைக்கும் நிற்க வேண்டும். தூணில் சாய்ந்தால்கூட மேலாளர் சபாபதி கேமராவில் பார்த்துவிட்டு வந்துவிடுவார்.

எங்கள் பக்கத்தில் உட்காருவதைக் குந்துவது என்றும் சொல்வார்கள். அந்தக் கடையில் இரண்டு சொல்லுக்கும் தனித்தனி ஆட்கள் இருந்தார்கள். புடவை வாங்குகிறவர் உட்காருவார். விற்கிறவள் அசந்துபோய் ஒரு நிமிஷம் உட்கார்ந்தால், “என்னாம்மா, குந்திக்கினு கீற?” என்பார் சபாபதி. கால் கடுத்தால் பெண்கள் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வருவார்கள். வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல?

2021இல் தமிழ்நாடு அரசு சட்டத்தைத் திருத்தியது. கடையில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை போட வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அவர்கள் உட்காரலாம் என்றது. முதலாளியும் எட்டு ஸ்டூல் வாங்கினார். பாலித்தீன் உறையைக்கூடப் பிரிக்காமல் அவை சுவரோரம் நின்றன. பிரித்துப் போட்ட புடவைகளை அவற்றின்மேல் குவித்தார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

இதற்குள் கிருஷ்ணவேணிக்குக் கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகப் புடைத்துவிட்டது. “இப்படியே நின்னுக்கினு இருந்தா புண்ணாயிடும்மா” என்றார் டாக்டர். நின்றால் கால் போகும், கேட்டால் வேலை போகும். நாற்பத்தொரு வயதுக்காரியை வேறெந்தக் கடை புதிதாக எடுக்கும்? மகள் துர்கா நர்சிங் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். கிருஷ்ணவேணி ஒரு மாதம் யோசித்துவிட்டு, தொழிலாளர் துறை அதிகாரிக்கு ஒரு கடிதம் போட்டாள். தன் பெயரை வெளியே சொல்ல வேண்டாம் என்றும் அதில் கேட்டிருந்தாள்.

அதிகாரி வரப்போவது எப்படியோ சபாபதியின் காதுக்கு எட்டிவிட்டது. அன்று காலையில் அவரே பாலித்தீனைக் கிழித்தார்.

“எழுதினது யாருன்னு அப்பால பாத்துக்கறேன். இப்ப எல்லாரும் உட்காருங்க. கேட்டா, தெனமும் உட்கார்றோம்னு சொல்லணும். மாத்திச் சொல்றவ அப்படியே வூட்டுக்குப் போயிடலாம்.”

விற்கிற பெண்கள் எட்டுப் பேரும் உட்கார்ந்தார்கள். முள்ளின்மேல் இருப்பதுபோல இருந்தது என்று கிருஷ்ணவேணி என்னிடம் பிற்பாடு சொன்னாள். யார் முகத்தையும் அவளால் பார்க்க முடியவில்லை.

பதினோரு மணிக்குக் கதவு திறந்தது. தோளில் பையோடு ஒரு அம்மாள் உள்ளே வந்தார். அவ்வளவுதான், எட்டுப் பேரும் சொல்லிவைத்தாற்போல் துள்ளி எழுந்து, “வாங்கம்மா, உட்காருங்க” என்றார்கள்.

வந்தவர்தான் அதிகாரி. அவர் உட்காரவில்லை. ஸ்டூல்களைப் பார்த்தார், எழுந்து நின்ற கால்களைப் பார்த்தார்.

“நான் புடவை வாங்க வரலை. நீங்க உட்காருங்க” என்றார்.

ஒருத்தியும் உட்காரவில்லை. இத்தனை வருஷப் பழக்கம் ஒரு காலையில் போய்விடுமா? சபாபதி சிரித்துக்கொண்டே, “மரியாதை மேடம். பெரியவங்க வந்தா எழுந்துக்கறது நம்ம ஊர் வழக்கம்” என்றார். சாமர்த்தியசாலி. அதிகாரி நோட்டை எடுத்து ஒவ்வொருத்தியாகக் கேட்டார்.

“தெனமும் உட்கார்றோம் மேடம்” என்றாள் ரேவதி. அவள் கிருஷ்ணவேணியின் பக்கத்து கவுண்டர்க்காரி, பாத்ரூமில் உட்காருவதற்கு முறை வைத்துக்கொண்டவள். அடுத்தவளும் அதையேதான் சொன்னாள். ஏழு பேர் சொல்லியாயிற்று. கடைசியாக கிருஷ்ணவேணி. சபாபதி அவள் தோளை ஒட்டி வந்து நின்றார். ‘ஆமாம்’ என்றால் கடிதமே பொய்யாகிவிடும், இனி யாரும் வந்து கேட்கப்போவதில்லை. அதிகாரி அவள் பக்கம் திரும்பினார்.

“சொல்லுங்கம்மா.”

“இல்ல மேடம். இன்னிக்குத்தான் உட்கார வெச்சாங்க. லெட்டர் போட்டது நான்தான்.”

அதிகாரி எழுதிக்கொண்டார். அன்றே முதலாளிக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார். உடனே வேலையை விட்டு அனுப்பினால் வம்பு என்று சபாபதிக்குத் தெரியாதா? மறுநாள் மற்ற ஸ்டூல்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு, வாசல் கண்ணாடிக்கு அருகில் ஒரே ஒரு ஸ்டூலைப் போட்டார்.

“குந்தணும்னுதானே கேட்ட? குந்து. புடவையத் தொடாத, யார்கிட்டயும் பேசாத.”

காலையிலிருந்து இரவு வரைக்கும், வருகிறவர் போகிறவர் பார்க்க, வேலையில்லாமல் அவள் அங்கே இருந்தாள். கேட்ட உரிமையையே தண்டனையாக்கிவிட்டான் அந்த மனுஷன்! எனக்கு இப்போது எழுதும்போதும் வயிறு எரிகிறது. தானாக ராஜினாமா செய்துவிட்டுப் போகட்டும் என்பதுதான் கணக்கு. முதல் நாள் தாங்கினாள். இரண்டாம் நாள் பஸ்ஸில் அழுதாள். மூன்றாம் நாள் ராஜினாமாக் கடிதத்தை எழுதிப் பையில் வைத்துக்கொண்டுதான் வந்தாள். மதியம் கூட்டம் குறைந்ததும் கொடுத்துவிடுவதாக இருந்தாள்.

மதியம் கூட்டம் குறைந்தது. அவள் பையைத் திறக்கும்போது தரையில் ஏதோ உரசுகிற சத்தம் கேட்டது. ரேவதி ஒரு ஸ்டூலை இழுத்துக்கொண்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

“ஏய், உன்ன யாரு குந்தச் சொன்னது?” என்று சபாபதி கத்தினார்.

“கால் வலிக்குது சார். அன்னிக்கு மேடத்துகிட்ட பொய் சொல்லிட்டேன்” என்றாள் ரேவதி. அவள் எழவில்லை. கிருஷ்ணவேணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இன்னொரு ஸ்டூல் உரசியது. பிறகு இரண்டு சேர்ந்தாற்போல். கொஞ்ச நேரத்தில் எட்டுப் பேரும் வாசலருகே வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சபாபதி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று அவருக்குத் தெரியவில்லை.