படம் வராத பெட்டி

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் அண்ணி போன் செய்தார். பெட்டியைப் போட்டால் விளக்கு எரிகிறது, டிவியில் படம் வரவில்லை என்றார். லீவு நாளில் இரண்டு இட்லியை நிம்மதியாகத் தின்ன விடமாட்டார்களே என்று முணுமுணுத்துக்கொண்டேதான் ரெட்டியார்பாளையத்திலிருந்து முதலியார்பேட்டை அண்ணன் வீட்டுக்கு வண்டியை எடுத்தேன். ஏதாவது ஒயர் கழன்றிருக்கும், குத்திவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன்.

பெட்டி என்று வீட்டில் சொல்வது உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். ஒரே ஒரு போர்டு, அதை ஓட்ட லினக்ஸ் என்ற மென்பொருள், மேலே ஒரு பிளாஸ்டிக் உறை, அவ்வளவுதான். நான்தான் வாங்கிவந்து பழைய டிவியில் மாட்டிக் கொடுத்திருந்தேன். அண்ணனுக்கு நரம்பு நோய். கால் போனது, கை போனது, கடைசியில் குரலும் போனது. வலது கை ஆள்காட்டி விரல் மட்டும்தான் மிச்சம். திரையில் தமிழ் எழுத்துகள் ஒவ்வொன்றாக மின்னிக்கொண்டே போகும். வேண்டிய எழுத்து வரும்போது விரலடியில் இருக்கும் பட்டனை அவர் அழுத்துவார். கஞ்சியில் உப்பில்லை என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் கஞ்சி ஆறிவிடும். ஆனாலும் சொல்லாமல் விடமாட்டார். மில் ஓடிய காலத்தில் யூனியன் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தால் கீழே வைக்காத மனிதர் அவர்.

அண்ணி தேங்காய்த்திட்டுக்காரர், படகு வைத்திருந்த வீடு. பூஜையன்று இன்ஜினைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துப் படைத்தால் மறுநாள் வரை அதை யாரும் தொடக்கூடாது. அந்த வழக்கம் அவரோடு முதலியார்பேட்டைக்கும் வந்துவிட்டது. மிக்சி, தையல் மிஷின், அரிவாள்மணை, பெட்டி எல்லாம் பூஜை அலமாரிக்குக் கீழே வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒரு நாள் பேசாமல் இருக்க அண்ணனும் சரி என்று சொல்லிவிட்டாராம். வேண்டாமென்றால் மட்டும் கேட்டிருப்பார்களா?

சிவப்பு விளக்கு எரிந்தது, கரண்ட் வருகிறது. பச்சை விளக்கு விட்டுவிட்டு மின்னியது, மெமரி கார்டிலிருந்து லினக்ஸ் கிளம்புகிறது. டிவி மட்டும் சிக்னல் இல்லை என்றது. கேபிளை மாற்றினேன். அடாப்டரை மாற்றினேன். என் வீட்டு மானிட்டரைத் தூக்கிவந்து மாட்டினேன். எல்லாவற்றிலும் அதே கறுப்பு. கார்டைக் கழற்றி லேப்டாப்பில் போட்டு, திரை இருக்கிறதோ இல்லையோ நீ படத்தை அனுப்பு என்று செட்டிங்கில் எழுதினேன். கடைசியில் புது கார்டு வாங்கி லினக்ஸை முதலிலிருந்து ஏற்றினேன். பச்சை விளக்கு சமத்தாக மின்னியது, திரை அப்படியே கிடந்தது. இணையத்தில் தேடினால் ஒருவர் கேபிள்தான் என்று அடித்துச் சொன்னார், இன்னொருவர் அடாப்டர்தான் என்று சண்டைக்கு வந்தார். எனக்கும் இதே பிரச்சினை என்று எழுதிய மூன்றாவது ஆள் அதோடு காணாமல் போயிருந்தார். புது போர்டு ஆர்டர் போட்டேன். ஸ்டாக் வந்தால் அனுப்புவதாகச் சொன்னார்கள்.

ஆபீஸ் விட்டதும் தினமும் அங்கேதான் போனேன். அண்ணனின் விரல் ஏற்கெனவே கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துகொண்டிருந்தது. பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தால் தளர்வது நிற்கும் என்று டாக்டர் யாரும் சொல்லவில்லை. நாங்களாகத்தான் நம்பிக்கொண்டிருந்தோம். திரை வருவதற்குள் விரலும் போய்விடுமோ என்று பயந்தேன். அண்ணியிடம் சொல்லவில்லை, அவரும் என்னிடம் சொல்லவில்லை.

அட்டையில் எழுத்துகளை எழுதி ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிப் பார்த்தோம், வேண்டிய எழுத்தில் கண்ணை மூடச் சொல்லி. அவர் விரலசைவு பட்டனுக்குத்தான் புரியும், எங்கள் கண்ணுக்குத் தெரியாது. இமை தானாகவே துடித்துக்கொண்டிருந்ததால் எது பதில், எது துடிப்பு என்று எங்களுக்குப் பிடிபடவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் அண்ணன் விடாமல் செய்தார். என்னைப் பார்ப்பார், உடனே பூஜை அலமாரியைப் பார்ப்பார். திரும்ப என்னை, திரும்ப அலமாரியை. சாமி கும்பிட ஆசைப்படுகிறார் என்று அண்ணி கற்பூரம் ஏற்றிக் காட்டி, நெற்றியில் திருநீறு பூசிவிட்டார். அண்ணனுக்குக் கண்ணில் நீர் வழிந்தது. ஆயுசுக்கும் கோயில் வாசலை மிதிக்காத மனுசனுக்கு இப்போதாவது பக்தி வந்ததே என்று அண்ணி நெகிழ்ந்துபோனார். நானும் தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் போர்டை உறையிலிருந்து கழற்றி ஜன்னலோரம் கொண்டுபோனேன். செய்வதற்கு வேறெதுவும் மிச்சமில்லாததால்தான் அதைச் செய்தேன். டிவி கேபிள் செருகும் துளைக்குள் போன் டார்ச்சை அடித்தேன். உள்ளே மஞ்சளாக என்னவோ கெட்டியாக அப்பியிருந்தது. ஊசியால் நெம்பியபோது மணத்தது.

சந்தனம்.

"இன்ஜினுக்கு வாயிலதான் தம்பி வெப்போம்," என்றார் அண்ணி. "இதுக்கு அதானே வாயி. ஒயரப் புடுங்கிட்டு ஒரு பொட்டு வெச்சேன். நல்லா இருக்கட்டும்னுதான் வெச்சேன்."

அவர் வைத்தது ஒரு பொட்டு. புதுப்புது கேபிளாகக் கொண்டுவந்து அதை உள்ளே இடித்து இறுக்கியவன் நான். கட்டிலில் கிடந்தபடி அண்ணன் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். அலமாரியில் சாமி படத்துக்கு முன்னால்தான் சந்தனக் கிண்ணம் இருந்தது. இத்தனை நாளும் அவர் காட்டிக்கொண்டிருந்தது அதைத்தான். என்ன கோளாறு என்று தெரிந்த ஒரே ஆள் அவர். அதைச் சொல்ல அவருக்கு இருந்த ஒரே வழி அந்தப் பெட்டி. எனக்கு அண்ணி மேல் கோபம் வந்தது, சந்தனத்தின் மேல், ஊரில் உள்ள அத்தனை சாமி மேலும் வந்தது.

ஸ்பிரிட் தொட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, வெயிலில் காயவைத்தேன். பழைய கார்டையே போட்டுச் செருகியதும் திரையில் வெள்ளை வரிகள் மளமளவென்று ஓடின. பிறகு எழுத்துகள் வந்தன. அண்ணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் பட்டனை அண்ணன் விரலடியில் வைத்தேன்.

அ மின்னியது, ஆ மின்னியது. ஒரு சுற்று முடிந்து மறு சுற்று தொடங்கியது. அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் அசையவில்லை. முயற்சி செய்கிறார் என்பது கழுத்து நரம்பில் தெரிந்தது. கழுத்திலிருந்து அது விரலுக்குப் போய்ச் சேரவில்லை.

அண்ணி தண்ணீர் எடுக்க உள்ளே போனபோது நான் பட்டனை அழுத்திப் பார்த்தேன். திரையில் எழுத்து விழுந்தது. அதை அவசரமாக அழித்தேன்.

அண்ணி திரும்பி வந்து திரையைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், கடைசியில் என்னிடம் சொன்னார்: "பட்டன்லயும் சந்தனம் பட்டிருக்கும் தம்பி. அதையும் கொஞ்சம் கழட்டிப் பாரு."

சரி அண்ணி என்றேன். ஸ்குரூ டிரைவரை எடுத்து, நன்றாக இருந்த பட்டனை மெதுவாகக் கழற்ற ஆரம்பித்தேன். அண்ணன் இப்போது திரையைப் பார்க்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.