அதிமதுர டீயும் எதிர்வீட்டு அக்காவும்

ஆவடி குவார்ட்டர்ஸில் யாராவது இருமினால் போதும், கதவருகே ஒரு டம்ளர் வந்து நிற்கும். தொண்ணூறுகளின் தொடக்கம். நான் ஏழு மாதக் கர்ப்பிணி. முதல் பிள்ளை தங்காமல் போயிருந்ததால், இந்தப் பிள்ளைக்காக எல்லா சாமிகளையும் தொந்தரவு செய்துகொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்தா இருமல் பிடிக்க வேண்டும்?

மாத்திரை என்றாலே பயம். எதிர்வீட்டு அக்கா அண்ணனூர்க்காரர். "மாத்திர இன்னாத்துக்கு? நான் கீறேன்ல" என்று அதிமதுரத்தை நசுக்கி, துளசியும் சுக்கும் போட்டு, தண்ணீர் பாதியாகச் சுண்டும்வரை கொதிக்கவைத்துக் கொண்டுவந்தார். சர்க்கரையே வேண்டாம், அப்படி ஒரு இனிப்பு. இருமல் நின்ற பிறகும் நான் விடவில்லை. மூன்று வேளையும் கேட்டு வாங்கிக் குடித்தேன். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று மனப்பாடம் செய்து மார்க் வாங்கியவள்தான் நான்.

கால் வீங்கியது. ஏழாம் மாதம் அப்படித்தான் என்று குவார்ட்டர்ஸே தீர்ப்புச் சொல்லிவிட்டது. பரிசோதனைக்கு அக்காவும் துணைக்கு வந்தார். டாக்டரம்மா பிரஷர் பார்த்தார். முகம் மாறியது. மறுபடியும் பார்த்தார்.

"வேற எதாவது மருந்து சாப்பிடுறியாம்மா?"

"இல்லைங்க" என்றேன். டீயை யார் மருந்தில் சேர்ப்பார்கள்?

அக்கா முன்னால் வந்தார். "டாக்டரம்மா, நான்தான் தெனம் அதிமதுரம் போட்டு டீ வச்சிக் குட்துகினு கீறேன். அதால எதுனா ஆயிருக்குமா?"

விழுந்தது பாருங்கள் திட்டு! "அது பிரஷரை ஏத்தும். புள்ளைத்தாச்சிக்கு இப்படியா குடுப்பாங்க?" வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அக்கா தலைகுனிந்து நின்று அத்தனையையும் வாங்கிக்கொண்டார். பிறகு டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, "இருமல் வந்தா இஞ்சி ஒரு துண்டு தட்டிப் போட்டு ஒரு வேளை குடி, போதும். எதைக் குடிச்சாலும் எங்கிட்ட சொல்லணும்" என்றார்.

அன்றோடு அதிமதுரம் நின்றது. பிரஷர் மெல்ல இறங்கியது. மாதம் நிறைந்து மகள் நல்லபடியாகப் பிறந்தாள். அக்கா அன்று வாய் திறக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ. அந்த நன்றியைத் தீர்க்க முடியாது.

பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலில் சேனைத்தண்ணீர் தொட்டு வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அக்காதான் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். மாமியார் முகம் சுளித்தார். அக்காவோ சர்க்கரைத் தண்ணீர்க் கிண்ணத்தைத் தள்ளிவைத்தார்.

"டாக்டராண்ட கேட்டியா? கேக்காம ஒரு சொட்டு வெக்க மாட்டேன்."

கேட்டோம். தாய்ப்பால் தவிர எதுவும் கூடாது என்றார் டாக்டரம்மா. யாருமே சேனை வைக்கவில்லை. ஆனாலும் என் மகள், தன் கையால் எது உடைந்தாலும், திட்டு விழும் என்று தெரிந்தே "நான்தான்" என்று முன்னால் வந்து நிற்கிறாள்.