படகு இழுக்கப் போன பெட்ரோல் வண்டி

காலை 6.40. கடலூர் சாலை வழியாகப் புதுச்சேரிக்குள் நுழைந்தேன். என்னுடையது பழைய பெட்ரோல் பிக்கப். பின்னால் காலி டிரெய்லர். கடலூரிலிருந்து இருபத்திரண்டு கிலோமீட்டர் என்று சாலையோரக் கல் சொன்னது. என் வண்டியின் மீட்டர் பத்தொன்பதரைதான் காட்டியது. கல் நட்டவர்கள்தான் ஏதோ குளறுபடி செய்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதன்பிறகு எந்த ஊரிலும் ஆறு மாதத்துக்கு மேல் இருந்ததில்லை. நான்கு வருடமாக இந்த வண்டியில்தான் படுக்கை, சமையல், துணி எல்லாம். இது நின்றால் நானும் நடுத்தெருவில் நிற்பேன். அதனால் வண்டி விஷயத்தில் யாரையும் நம்புவதில்லை.

7.30. வைத்திக்குப்பம். ஃபைபர் படகு ஒன்றை நோணாங்குப்பத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பத்து கிலோமீட்டர்தான். படகின் சொந்தக்காரி அஞ்சலை, ஐம்பது வயதிருக்கும். கணவர் போன பிறகு படகைக் கடலுக்கு அனுப்ப ஆளில்லை. நோணாங்குப்பத்தில் ஒருவர் வாங்க ஒப்புக்கொண்டிருந்தார். அன்று மாலை ஐந்து மணிக்குள் வராவிட்டால் அவர் வேறு படகு பார்த்துக்கொள்வார்.

எட்டு பேர் தோள் கொடுத்துப் படகை டிரெய்லரில் ஏற்றினார்கள். கடற்கரையிலிருந்து தெருவுக்கு ஏறும் சரிவு இருபது அடிதான் இருக்கும். முதல் கியர் போட்டுக் கிளட்சை விட்டேன். வண்டி உறுமியது, நடுங்கியது, நகரவில்லை. இரண்டாம் முறை கிளட்ச் தீய்ந்த நாற்றம் எழுந்தது.

"ன்னாப்பா, எதுனா கருவாடு சுடுறியா?" என்றார் டிராக்டர் வைத்திருக்கும் குமார். சவாரி கைவிட்டுப் போன கோபம் அவருக்கு. கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

அஞ்சலை சிரிக்கவில்லை. "டிராக்டர்ல போனா குலுக்கல்ல படவு அடி வுட்ரும்னுதான் ஒன்னிய வரச்சொன்னேன். முடியுமா முடியாதா? சொல்லிட்டுப் போ."

"மூணு மணிக்கு வரேங்க்கா."

"வண்டிதான் போவுமே, திரும்பி வருமா? டிரெய்லர் இங்கயே இருக்கட்டும்."

டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டுப் போனேன்.

9.15. பெரிய மார்க்கெட்டுக்குப் பின்புறத் தெருவில் யூசுப் பாயின் பட்டறை. இழுவை குறைந்த வண்டிக்கு அவரைப் பாருங்கள் என்று டீக்கடையில் சொன்னார்கள். டீ பதினைந்து ரூபாய். சொன்னவர் பாய்க்கு உறவாக இருப்பாரோ என்று யோசித்தபடியே போனேன். விழுப்புரத்தில் இதே குறைக்கு ஒருவர் ஏர் ஃபில்டர் மாற்றினார், பிளக் மாற்றினார், சைலன்சரைக் கழற்றி ஊதிப் பார்த்தார். எதுவும் மாறவில்லை. அதனால் இந்த முறை ஆணியால் ஒவ்வொரு பிளக்கிலும் ஒரு கோடு கீறி வைத்திருந்தேன். மாற்றி வைத்தால் தெரிந்துவிடும்.

பாய் பானட்டைத் திறந்து ஒரு தரம் குனிந்தார். "பிளக்குல கோடு போட்டுருக்கீங்க. போடுங்க, தப்பில்ல. வெளியூர்லருந்து வர்றவங்க போடுவாங்க." மூடிவிட்டார். அதற்குமேல் இன்ஜின் பக்கமே போகவில்லை. எனக்குச் சந்தேகம் அதிகமானது. இன்ஜினைத் தொடாமல் இழுவையை எப்படிச் சரிசெய்வார்?

அவர் கண் டயர்களில் இருந்தது. போன வருடம் சேலத்தில் போட்டவை. உயரமானவை, ஜீப்புக்குப் போடுகிற அளவு. பெரிய சக்கரம் பெரிய பாரத்தை இழுக்கும் என்று நானே தேர்ந்தெடுத்தது. மாட்டுவண்டி பார்த்து வளர்ந்தவனுக்கு வேறென்ன தோன்றும்.

பாய் பின் டயரில் தரைதொடும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். தரையிலும் ஒரு கோடு. "தள்ளுங்கண்ணே." வண்டியைத் தள்ளினேன். கோடு ஒரு சுற்று சுற்றித் தரையைத் தொட்ட இடத்தில் மறு கோடு. டேப்பை நீட்டினார். இரண்டு மீட்டர் ஆறு சென்டிமீட்டர். பிறகு சுவரோரம் கிடந்த சின்ன டயர் ஒன்றை ரிம்மோடு உருட்டி அளந்தார். ஒரு மீட்டர் எண்பத்துமூன்று.

"கம்பெனி குடுத்தது இந்த சைசு. நீங்க ஒரு சுத்துக்கு இருவத்திமூணு சென்டி கூட ஓட்டுறீங்க. அத யாரு இழுக்கறது? இன்ஜின். டீசல் இன்ஜின்னா மெதுவா சுத்தும்போதே இழுத்துக்கும். பெட்ரோல் இன்ஜின் வேகமா சுத்தனாத்தான் பலம். நீங்க அத சுத்தவே வுடல."

"இருக்கற டயரக் கழட்டிட்டு இதப் போடணும். அப்படித்தானே பாய்?"

"ஆமா. ஒடைசலுக்கு வந்த வண்டியிலருந்து எடுத்த செட்டு. நாலும் ரிம்மோட தரேன். ஒங்க நாலும் எனக்கு."

இதற்காகத்தான் இவ்வளவு டேப் வேலை என்று எனக்குப் பட்டது. என்னுடையதில் பாதி தேய்மானம்கூட ஆகவில்லை. எழுந்து சாவியை எடுத்தேன்.

பாய் தடுக்கவில்லை. "கடலூர்லருந்துதானே வந்தீங்க? மீட்டர்ல எவ்ளோ காட்டுச்சு?"

"பத்தொம்பதர."

"இருவத்திரெண்டு கிலோமீட்டராச்சே அது. ரோட்ட யாராச்சும் வெட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்களா?"

நின்றுவிட்டேன். டயர் பெரிதானால் சக்கரம் குறைவாகச் சுற்றும், மீட்டரும் குறைவாகத்தான் காட்டும். ஒரு வருடமாக நான் எழுதிவைத்த தூரமெல்லாம் தப்பு. ஒரு வருடமாகக் கற்களைத் திட்டியதும் தப்பு.

சாவியைக் கொடுத்தேன். டயரைக் கழற்றும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து நட்டுகளை எண்ணினேன். பாய் கிளட்சையும் பார்த்தார். "இன்னும் உசுரு இருக்கு. பாதிக் கிளட்ச்ல நிக்காதீங்க. கொஞ்சம் சுத்த வுட்டு, முழுசா வுடுங்க."

மாலை 3.00. வைத்திக்குப்பம். வண்டி குள்ளமாகிவிட்டிருந்தது. "காலையில ஆள் ஒசரமா இருந்துச்சு, இப்ப ஒக்காந்துடுச்சே!" என்றார் குமார். மணலில் சின்ன டயர் புதையும் என்று பலகை போட்டார்கள். முதல் கியர். இன்ஜினைக் கொஞ்சம் சுற்றவிட்டுக் கிளட்சை முழுதாக விட்டேன். பலகை முனகியது. டிரெய்லர் ஏறிவிட்டது. நாற்றம் இல்லை.

அஞ்சலை என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். படகோடு நான் ஓடிவிடுவேன் என்று நினைக்கிறார் என்று புரிந்தது. ஆட்சேபிக்கவில்லை. நானாக இருந்தாலும் ஏறியிருப்பேன்.

ஊருக்குள் கண்ணாடியில் பார்த்தேன். குமாரின் டிராக்டர் பின்னால் வந்தது. திரும்பினால் திரும்பியது, நின்றால் நின்றது.

"அந்தாள் ஏன்க்கா பின்னாடியே வரான்?"

"அவனுக்கும் ரோடுதான." முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

3.50. அரியாங்குப்பம் பாலம். ஏற்றத்தின் பாதியில் சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார். முன்னால் பஸ், பின்னால் கார்கள். ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்தேன். டிரெய்லர் பின்னோக்கி இழுப்பது முதுகில் தெரிந்தது. இங்கே கிளட்ச் போனால் படகும் போச்சு, என் வீடும் போச்சு. அஞ்சலையின் உதடு ஏதோ முணுமுணுத்தது. கை கதவுப் பிடியில் இருந்தது.

பஸ் நகர்ந்தது. இன்ஜினைச் சுற்றவிட்டேன். கிளட்ச். ஹேண்ட்பிரேக். ஒரு கணம் வண்டி யோசித்தது. பிறகு, ஒரு விரல்கடைகூடப் பின்வாங்காமல், ஏறியது.

பாலத்தின் உச்சியைத் தாண்டியதும் அஞ்சலை ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் பின்னால் பார்த்து அசைத்தார். "போடா, போ." கண்ணாடியில் டிராக்டர் ஓரம் கட்டுவது தெரிந்தது.

"நீங்கதான் வரச் சொன்னீங்களாக்கா?"

"பின்ன? நடுப்பாலத்துல நீ நின்னுட்டா நான் படவத் தலையிலயா தூக்கிப் போவேன்? டீசலுக்குக் காசு குடுத்துட்டுத்தான் கூட்டியாந்தேன்."

4.25. நோணாங்குப்பம். வாங்குபவர் படகின் அடியைக் கையால் தடவிப் பார்த்தார். தலையாட்டினார். அஞ்சலை எனக்கு வாடகையும், ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடும் கொடுத்தார்.

கடலூர் திரும்பும்போது பஸ்களுக்கு ஈடாகப் போக முயன்றாலே இன்ஜின் கத்தியது. முன்பு அதே வேகத்தில் அமைதியாகப் போகும். வேகத்தைக் கொடுத்து இழுவையை வாங்கியிருக்கிறேன். பாய் என் டயர்களை என்ன விலைக்கு விற்பார் என்ற யோசனை கொஞ்ச தூரம் கூடவே வந்தது. மற்றவர்கள் பயணம் முடிந்ததும் தாம் பார்த்த ஊரைச் சொந்த ஊரோடு ஒப்பிடுவார்கள். எனக்கு ஒப்பிட இந்த வண்டிதான் உண்டு. அதன் கண்ணாடியில் அன்று மாலை பின்னால் யாரும் வரவில்லை.