வேறு வண்டியில் எங்கள் நம்பர்

பழைய கார் ஒன்று எதிரே வந்தால் மற்றவர்கள் காரைப் பார்ப்பார்கள், நான் நம்பர் பிளேட்டைப் பார்ப்பேன். இது ஒரு வியாதி. கல்யாண மண்டப வாசலில் பூமாலை போட்டு நிற்கும் அம்பாசடரைக் காட்டி, "எங்க தாத்தா சுதந்திரத்துக்கு முன்னாடி வாங்கினது" என்று மாப்பிள்ளை வீட்டார் பெருமை பேசிக்கொண்டிருப்பார்கள். நான் சும்மா இருக்க மாட்டேன். "எழுபதுக்கு முன்னாடி இருக்க வாய்ப்பே இல்லீங்க" என்று போய்ச் சொல்லிவிட்டு வருவேன். அப்புறம் பந்தியில் என் பக்கத்து நாற்காலி காலியாகவே இருக்கும்.

கணக்கு எளிமையானது. பிளேட்டில் எம்.எஸ். என்று தொடங்கும் மூன்று எழுத்து இருந்தால், மாநிலத்துக்கு மெட்ராஸ் என்று பெயர் இருந்த காலத்து வண்டி. டி.எம். என்று தொடங்கினால் பெயர் மாறிய பிறகு வந்தது. டி.என். போட்டு, பக்கத்தில் ஊருக்கான எண்ணும் இருந்தால், அது எண்பதுகளின் கடைசியிலோ அதற்குப் பிறகோ பதிவானது. எங்கள் தாம்பரத்துக்குப் பதினொன்று. மூன்றாவது எழுத்தையும் அடுத்து வரும் எண்ணையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்றிரண்டு வருஷத்துக்குள் சொல்லிவிடலாம்.

இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நானும் அக்காவும் சேலையூர் பஸ் ஸ்டாப்பில் நின்று நின்று கண்டுபிடித்தது. கல்லூரிக்குப் போகும் பஸ் எப்போதும் தாமதமாகத்தான் வரும். வேறு வேலை இல்லாததால் ஒரு விளையாட்டு ஆரம்பித்தோம். பழைய காரை முதலில் பார்ப்பவர் "வண்டி!" என்று கத்த வேண்டும். மற்றவர் பிளேட்டைப் பார்த்து வருஷத்தைச் சொல்ல வேண்டும். பிளேட் கண்ணுக்கு மறைந்த பிறகு சொன்னால் அக்கா ஒப்புக்கொள்ளவே மாட்டாள். அவள் என்னைவிட மூன்று வயது பெரியவள், கண் பருந்துக் கண். பெரும்பாலும் அவள்தான் ஜெயிப்பாள். ஜெயித்ததை வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் சொல்லிக்காட்டுவாள்.

எங்கள் வீட்டிலும் ஒரு அம்பாசடர் இருந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்த அப்பா, ஓய்வு பெற்ற இன்னொரு வாத்தியாரிடம் வாங்கிய சாம்பல் நிற வண்டி. டி.எம். பிளேட், எழுபத்து மூன்று. டாஷ்போர்டில் ஒரு சின்ன மரச் சிலுவையைப் பொருத்த அப்பா இரண்டு ஓட்டை போட்டார். கணக்கு வாத்தியார் அளவெடுத்தும் ஒரு ஓட்டை தப்பான இடத்தில் விழுந்துவிட்டது. ஆக மொத்தம் மூன்று ஓட்டைகள். அக்கா அந்த உதவாத ஓட்டையில் எப்போதும் ஒரு ஊசியையோ ஹேர்பின்னையோ செருகி வைப்பாள்.

அக்காவுக்கு இருபத்திரண்டு வயதில் லைசென்ஸ் கிடைத்தது. அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், வேளச்சேரியில் சித்தி வீட்டில் பலகாரத் தூக்கைக் கொடுத்துவிட்டு நாங்கள் இருவரும் திரும்பிக்கொண்டிருந்தோம். அவள் ஓட்டினாள், நான் இடது பக்கம். பள்ளிக்கரணையில் அப்போது ரோடு குறுகல், சதுப்பு நிலத்துக்கும் ரோட்டுக்கும் நடுவே ஒன்றும் கிடையாது. மழைக்காலம் முடிந்து தண்ணீர் ரோட்டு விளிம்பு வரை நின்றது. எதிரே வெளிர்நீல ஹெரால்டு கார் ஒன்று வந்தது. அந்தக் காலத்திலேயே ஹெரால்டு அபூர்வமாகிவிட்டது. நான் "வண்டி!" என்று கத்தினேன்.

முன் பிளேட்டை அவள் தவறவிட்டாள். வண்டி எங்களைத் தாண்டியதும், பின் பிளேட்டைப் படிக்க வலது தோளுக்கு மேலாக முழுசாகத் திரும்பினாள். "அறுபத்தேழு" என்றாள். குரலில் ஜெயித்த சந்தோஷம் இருந்தது. எங்கள் வண்டி இடது பக்கம் விலகிக்கொண்டிருந்ததை இருவருமே பார்க்கவில்லை. சக்கரம் ரோட்டை விட்டு இறங்கியது, வண்டி சாய்ந்து தண்ணீருக்குள் போனது. எனக்கு முழங்கையில் தையல் போட்டார்கள். அக்காவுக்குத் தலையில் அடி. அவள் கண் விழிக்கவே இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பா ஓடி வந்து என் தோளைப் பிடித்துக் கேட்ட முதல் வார்த்தை, "பிரேக் புடிக்கலியாடா?" என்பதுதான். பிரேக் ஆயில் ஒழுகுகிறது, வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டுப் போங்கள் என்று மெக்கானிக் அந்த வாரம் சொல்லியிருந்தார். பண்டிகை முடியட்டும் என்று அப்பா தள்ளிப்போட்டிருந்தார். அது எனக்கும் தெரியும். ஆமாம் என்பதுபோல் நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் செய்தேன். வாயால் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, ஒரே ஒரு முறை தலையை ஆட்டினேன்.

அப்பாவுக்குப் பின்னால் நின்ற அம்மா அதைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அம்மா அப்பாவிடம் நேராகப் பேசி நான் கேட்டதில்லை. மூவரும் ஒரே அறையில் உட்கார்ந்திருப்போம். "அப்பாவச் சாப்பிட வரச் சொல்லு" என்று என்னைப் பார்த்துச் சொல்வாள். நான் இல்லாத நேரத்தில் காபி டம்ளரை மேஜையில் டொக்கென்று வைப்பாள், அதுதான் கூப்பிடுவது. சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் சபை ஊழியக்காரர்களுக்காக, தெருவில் காய்ச்சலில் கிடப்பவர்களுக்காக, எனக்காக, பிற்பாடு என் மனைவி மக்களுக்காக என்று ஒருவர் விடாமல் வேண்டிக்கொள்வாள். அப்பா பெயர் மட்டும் வராது. அப்பா கண்ணை மூடிக் காத்திருந்துவிட்டு, கடைசியில் எல்லோரோடும் சேர்ந்து ஆமென் சொல்வார்.

சொல்லிவிடலாம் என்று நான் நினைக்காத வாரம் கிடையாது. முதலில் பயம். அப்புறம், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று பயம். அது வருஷத்துக்கு வருஷம் பெரிதாகிக்கொண்டே போனது. நாலு வருஷத்துக்கு முன் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஒரு மத்தியானம் அப்பா தயங்கித் தயங்கி அவள் கையைப் பிடித்தார். அம்மா கையை உருவிப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள். நான் கட்டில் காலருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அம்மா போய்விட்டாள்.

அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த வண்டியில் உட்கார்ந்தாலும், அது கார் ஆனாலும் ஆட்டோ ஆனாலும், அவர் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே வரும். முன்னால் போகும் வண்டி கொஞ்சம் மெதுவானாலும் போதும், கால் அழுந்தும். "இன்னா பெர்சு, நீயும் கூட ஓட்டிகினு வர்ற போல?" என்று ஒரு ஆட்டோக்காரர் சிரித்திருக்கிறார். அப்பாவும் சிரித்தார். நான் வெளியே பார்த்துக்கொண்டேன்.

போன பொங்கலுக்குப் பிறகு அப்பாவுக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். ஒரு கண் மட்டும் முடிந்திருந்தது. டாக்டரிடம் காட்டிவிட்டு கால் டாக்ஸியில் திரும்பிக்கொண்டிருந்தோம். மேடவாக்கம் சிக்னலில் பக்கத்து வரிசையில் சாம்பல் நிற அம்பாசடர் ஒன்று வந்து நின்றது. வழக்கம்போல என் கண் பிளேட்டுக்குப் போனது. டி.எம். அதற்கடுத்த எழுத்து. அதற்கடுத்த நான்கு எண்கள். எங்கள் நம்பர்.

அந்த வண்டியைச் சதுப்பிலிருந்து இழுத்ததும் அப்பா பழைய இரும்பு வாங்கும் காயலான் கடைக்காரர் ஒருவரிடம் கொடுத்துவிட்டார். அறுத்துவிடுகிறோம் சார் என்று அவர் சொன்னதை நானே கேட்டேன். அறுத்த வண்டி சிக்னலில் நிற்கிறது, இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓட்டும் இடத்தில் யார் என்று பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு பெண் இருப்பாள் என்று நினைத்தேன்.

"நம்ம வண்டிடா" என்றார் அப்பா. மருந்து விட்ட கண்ணால் அதைப் படித்திருந்தார். டிரைவரின் தோளைத் தட்டி, "தம்பி, அந்த வண்டி பின்னாடியே போப்பா" என்றார். எண்பத்தைந்து வயதுக்காரர் அப்படிச் சொன்னதும் அந்தப் பிள்ளைக்கு ஒரே குஷி. சிக்னல் விழுந்ததும் விரட்டிக்கொண்டு போனான்.

அம்பாசடர் பெரும்பாக்கம் போகும் ரோட்டில் திரும்பி, தகரக் கூரை போட்ட ஒரு மெக்கானிக் ஷெட்டுக்குள் போய் நின்றது. இறங்கியவர் ஆண்தான், லுங்கி கட்டிய மெக்கானிக், வண்டியை ஓட்டிச் சரிபார்த்துவிட்டு வருகிறார். எனக்கு மூச்சு வந்தது. அப்பா அதற்குள் இறங்கி, பானெட்டைத் தடவிக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தார். "இது எங்க வண்டிப்பா. கொஞ்சம் உள்ள ஒக்காந்து பாக்கலாமா?" என்று கேட்டார்.

"ஒக்காரு சார், அதுக்கின்னா" என்று கதவைத் திறந்துவிட்டார் மெக்கானிக்.

நான் அப்போதுதான் வண்டியின் முகத்தைப் பார்த்தேன். எங்கள் வண்டியின் கிரில் சல்லடை மாதிரி பொடிக் கட்டங்களாக இருக்கும். இதில் படுக்கை வாட்டில் பட்டைகள் ஓடின. அந்த முகம் எழுபத்தைந்துக்குப் பிறகு வந்தது. கிரில்லை மாற்றியிருக்கலாம். இடது பக்க ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி டாஷ்போர்டைத் தேடினேன். ஓட்டை ஒன்றுகூட இல்லை, அடைத்த தழும்பும் இல்லை. நம்பரைப் பார்த்ததும் மற்ற எதையும் பார்க்காமல் விரட்டி வந்திருக்கிறேன். அக்காவாக இருந்தால் சிக்னலிலேயே சொல்லியிருப்பாள்.

மெக்கானிக்கை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"கரெக்டா புட்ச்சிட்ட சார்" என்றார். "பாடி வேற, ஆர்.சி. புக்கு வேற. இந்த பாடி எங்கியோ கொட்டாயில கெடந்துச்சி, பேப்பரே கெடையாது. புக்கு ஒரு காயலான் கடைல ரொம்ப நாளா சும்மா கீது. ஓனரு ரெண்டையும் சேத்து ஒரு வண்டியா ஆக்கிகினாரு. கலரு கூட புக்குல போட்டுகீற கலருதான் அடிக்கச் சொன்னாரு. பழைய வண்டிக்காரங்க நெறைய பேரு இப்டித்தான் பண்றாங்கோ."

ஆக, எங்கள் வண்டியை அறுத்தது உண்மைதான். நம்பர் மட்டும் உயிரோடு இருந்து, யாருடைய உடம்பிலோ ஏறிச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

திரும்பிப் பார்த்தேன். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தார். வலது கால் பிரேக்கை அழுத்தியது, விட்டது, மறுபடி அழுத்தியது. இத்தனை வருஷம் வெறும் தரையை மிதித்த காலுக்குக் கடைசியில் ஒரு பிரேக் கிடைத்துவிட்டது. என்னால் பார்க்க முடியவில்லை. அவரைக் கைத்தாங்கலாக இறக்கி, இது நம் வண்டி இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் நான் இடது பக்கக் கதவைத் திறந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த இடத்தில் உட்கார்ந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

"இப்ப நல்லா புடிக்குதுடா" என்றார் அப்பா என்னைப் பார்க்காமல். "அன்னிக்கும் இப்படிப் புடிச்சிருந்தா அவளுக்கு இப்ப பேரப்பிள்ளையே இருக்கும். ஒரு நாள் வண்டிய ஷெட்டுல விட்டிருந்தா போதும். ஒரே ஒரு நாள்."

"அப்பா" என்றேன். "அவ பிரேக்கே மிதிக்கலப்பா."

கால் நின்றது.

சொன்னேன். ஹெரால்டைச் சொன்னேன், நான் கத்தியதைச் சொன்னேன். அவள் திரும்பியது, அறுபத்தேழு என்றது, அப்புறம் வராந்தாவில் நான் தலையை ஆட்டியது, எல்லாவற்றையும் சொன்னேன். இது நம் வண்டி இல்லை என்பதையும் சொன்னேன். சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. இவ்வளவு சின்ன விஷயத்தையா இத்தனை வருஷம் சுமந்தேன் என்று எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

அப்பா திட்டுவார் என்று காத்திருந்தேன். அடித்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் கண்ணாடி வழியாக எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆபரேஷன் செய்த கண்ணில் தண்ணீர் வழிந்தது, மருந்தா அழுகையா என்று தெரியவில்லை. அப்புறம், வகுப்பில் விடை தப்பாகப் போட்ட பையனைக் கேட்பதுபோல, கோபமே இல்லாமல் கேட்டார்.

"இத உங்கம்மா இருக்கறப்ப சொல்லியிருக்கக் கூடாதாடா?"

என் விரல் டாஷ்போர்டில் இல்லாத ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தது.

வெளியே மெக்கானிக் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே குனிந்து பார்த்தார். "இன்னா சார், பிரேக்கு புடிக்குதா?"

"புடிக்குதுப்பா" என்றார் அப்பா. "நல்லா புடிக்குது."

அவர் கால் அதன் மேலேயே இருந்தது.